பூகர்ப்பம் கண்ட ஓல்டம்

திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சமவெளியில் கிணறு வெட்டுதல் எளிய தொழிலன்று. மேல்மண் சில முழமே, அதன்கீழ்ச் சுக்காங்கல், அதற்கும் கீழே வெடிவைத்தாலன்றி வழிவிடாத பாறை. முற்காலத்தில் கமலை பூட்டி இறைத்த கிணறுகள் ஐம்பது அறுபது அடியில் நின்றன. இன்றோ ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் கடந்து செல்கின்றன. நீர் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் அவ்வாயிரம் அடியும் பாறையாகவே இருக்கின்றது. தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் வியர்வை சிந்திய கோலார்த் தங்கச் சுரங்கம் சுமார் 3 கிலோமீட்டர் இறங்கி, 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ருஷிய தேசத்தார் கோலா என்னும் இடத்தில் துளைத்த துளை 1989-ஆம் ஆண்டில் 12,262 மீட்டர் எட்டியது. மனிதன் இட்ட துளைகளிலெல்லாம் நேர்கீழாக ஆழ்ந்து சென்றது அதுவே. பூமியின் நடுவோ 6,371 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அத்தனை முயன்றும் போனவழி ஐந்நூற்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆயினும் பூமியின் நடுவே ஏறக்குறைய 3,480 கிலோமீட்டர் ஆரமுள்ள இரும்புக் கரு ஒன்று உளதென்று இன்று பள்ளிச் சிறுவரும் படம் வரைந்து காட்டுகின்றனர். பாடநூல்கள் அதனைக் கருவம் என்கின்றன. நாம் நடுக்கரு என்றே வழங்குவோம். நம் முன்னோர் அதலம் முதலாகப் பாதாளம் ஈறாகக் கீழுலகம் ஏழென எண்ணினர். யோபின் ஆகமத்தை வாசித்தவர்கள், பூமியின் அஸ்திபாரத்தைக் குறித்த வினாவின் முன் மனிதன் விடையின்றி நின்ற இடத்தை அறிவார்கள். கண்ணாற் காணவும் கையால் தொடவும் இயலாத அவ்விடத்துக்கு எல்லை குறித்து, அளவுகோல் கொண்டு பேசத் தொடங்கியவர் ரிச்சர்டு டிக்ஸன் ஓல்டம் என்னும் பேரறிஞர். அவர் நம் இந்திய நாட்டில் 24 ஆண்டுகள் ஊழியம் செய்தவர். நம் நாட்டு மண் அதிர்ந்தபோது கற்ற கல்வியைக் கொண்டே அதனைச் செய்தவர். ஆகவே அவர் சரித்திரத்தை நம் கல்லூரி மலரில் எழுதுவது பொருந்தும் என்று கருதுகிறோம்.

ஓல்டமின் தந்தையார் தாமஸ் ஓல்டம், அயர்லாந்து தேசத்தவர். 1851-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் அழைக்கப்பெற்றுக் கல்கத்தா வந்து, இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சித் துறையைத் தொடங்கி, 25 ஆண்டுகள் அதன் தலைமை தாங்கினார். கம்பெனியார் விரும்பியது நிலக்கரி. அவர் தேடியதோ நிலக்கரியோடு இந்நாட்டுப் பாறைகளின் வரலாறும் ஆகும். 1869-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 10-ஆம் நாள் கச்சார்ப் பகுதியில் நிகழ்ந்த பூகம்பத்தை ஆராய்ந்து குறிப்புகள் எழுதி வைத்தார். அவற்றை நூலாக்கி முடிக்குமுன் 1878-ஆம் ஆண்டில் உயிர் நீத்தார்.

ரிச்சர்டு அவருடைய மூன்றாம் குமாரர். 1858-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 31-ஆம் நாள் டப்ளின் நகரிற் பிறந்தவர். ரக்பி பள்ளியிலும் இலண்டன் அரசாங்கச் சுரங்கக் கல்லூரியிலும் பயின்று, தந்தை மறைந்த மறுவருஷமே, 21-ஆம் வயதில், அவர் நிறுவிய துறையிலேயே வந்தமர்ந்தார். வந்தவர் முதற்கண் எடுத்துக்கொண்ட வேலைகளுள் தந்தையின் எச்சத்தை நிறைவேற்றுவதும் ஒன்று. கச்சார்ப் பூகம்ப ஆராய்ச்சியை 1882-ஆம் ஆண்டிலும், இந்தியாவில் நிகழ்ந்த பூகம்பங்களின் அட்டவணையை 1883-ஆம் ஆண்டிலும் தந்தையார் பெயராலேயே வெளியிட்டார். பாணர் தொடங்கிய காதம்பரியை அவர் மைந்தர் முடித்த செய்தி இங்கே நம் நினைவுக்கு வருகிறது. இளமையிலே கையில் விழுந்த அந்தப் பழங்குறிப்புகள் பூகம்பத்தைப் பற்றிய கேள்விகளை அவர் உள்ளத்தில் ஊன்றிவிட்டன என்று நாம் கொள்ளுதல் தவறாகாது.

அதன்பின் பல்லாண்டுகள் மலையும் காடும் பாலையும் நடந்து பாறைகளை ஆராய்ந்தார். இந்தியப் பூகர்ப்ப நூலின் இரண்டாம் பதிப்பை 1893-ஆம் ஆண்டில் திருத்தி எழுதினார். அவரோடு அத்துறையிற் பணிபுரிந்த தாமஸ் ஹாலண்டு என்பார் சென்னைக்கு அடுத்த பல்லாவரத்துப் பாறைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயரிட்டதை இங்கே சொல்லவேண்டும். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறைக்கல் அவ்வினத்தைச் சேர்ந்ததாதலின் அப்பெயர் வந்தது. நம் மேற்றிசையில் நீலநிறமாய் எழுந்து நிற்கும் பழநி மலைத்தொடரிலும், அண்மையிலுள்ள சிறுமலையிலும் மிகுந்து காணப்படுவது இவ்வினப் பாறையே. இது உருவான காலத்தில் நிலத்தின்கீழ் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்ததென்பர். எனவே நம் கண்முன் நிற்கும் மலையே பாதாளச் செய்தி சிறிது சொல்லுகிறது. ஆயினும் பாறை சொல்லும் சாட்சி அவ்வளவோடு முடிகின்றது. அதற்கு அப்பாலுள்ள ஆறாயிரம் கிலோமீட்டருக்கு வேறு சாட்சி வேண்டும். அச்சாட்சி மிகக் கொடிய வடிவில் வந்தது.

1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 12-ஆம் நாள் சனிக்கிழமை, மாலை 5 மணி கழிந்த சிறிது நேரத்தில் அஸ்ஸாம் தேசம் குலுங்கியது. ஷில்லாங் நகரில் கல்லாற் கட்டிய வீடுகள் ஒன்றும் தப்பவில்லை, தேவாலயமும் தரைமட்டமாயிற்று. வேல்ஸ் நாட்டு மிஷனெரிமார் காசி மலைகளில் அரும்பாடுபட்டு எழுப்பிய ஆலயங்கள் பல இடிந்தன. மலைச்சரிவுகள் பெயர்ந்து கிராமங்களின்மேல் விழுந்தன. ஆற்றங்கரைச் சமவெளிகளில் நிலம் பிளந்து மணலும் நீரும் ஊற்றெடுத்தன. இறந்தோர் சுமார் 1,500 பேர். மாலை வேளையாதலின் மக்கள் பலர் வெளியில் இருந்தனர். இரவாயிருப்பின் எத்தனை ஆயிரமோ! ஓல்டமின் கணக்குப்படி அவ்வதிர்ச்சி உணரப்பட்ட நிலப்பரப்பு சுமார் 17½ லட்சம் சதுரமைல் ஆகும்.

ஆராய்ச்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் தம் துறையினரை நாலாபக்கமும் அனுப்பித் தாமும் இடிந்த ஊர்களினூடே நடந்தார். மண்ணில் புதைந்திருந்த பாறைகள் தாம் இருந்த குழியின் விளிம்பைத் தொடாமலே மேலே எறியப்பட்டுக் கிடந்ததைக் கண்டார். அவ்விடத்தில் நிலத்தின் உதைப்பு, பொருள்களைக் கீழிழுக்கும் பூமியின் கவர்ச்சியையும் வென்றிருக்கவேண்டும் என்று துணிந்தார். செத்ராங் ஆற்றின் ஓரமாக நிலம் வெடித்து ஒருபுறம் உயர்ந்திருந்தது. சிலவிடத்து அவ்வுயர்ச்சி 35 அடி. இவையனைத்தையும் 1899-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். பின்னாளில் பூகம்ப ஆராய்ச்சியாளர் பலர் தம் தொழிலுக்கு இலக்கணநூல்போல் அதனைக் கொண்டனர்.

அவ்வாராய்ச்சியில் அவரை மிகவும் வருத்தியது கடிகாரம் என்று சொன்னால் நண்பர்கள் வியப்படையலாம். அதிர்ச்சி எவ்விடத்தில் எந்நேரம் புறப்பட்டது, எவ்விடத்தில் எந்நேரம் சேர்ந்தது என்று தெரிந்தாலன்றி அதன் வேகம் தெரியாது. ஊர்க் கடிகாரங்களோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டின. இது எவ்வூரிலும் உள்ளதே. ஒரு தெருவில் இரண்டு கடிகாரம் ஒத்து நடப்பதைக் கண்டவர் யார்? இரயில்வேயார் அக்காலத்தில் சென்னை வானியல் ஆராய்ச்சி நிலையத்தின் நேரத்தை இந்தியா எங்கும் கைக்கொண்டிருந்தனர். தந்திவழியே அனுப்பப்பட்ட அத்தகைய நேரமே ஓரளவு நம்பத்தக்கதாயிருந்தது.

இந்தியாவில் அன்று நல்ல பதிவுக் கருவி இல்லை. ஆனால் ஐரோப்பாவில் இருந்தது. ஜப்பானில் நிகழ்ந்த பூகம்பம் ஒன்று ஜெர்மனியிலுள்ள பாட்ஸ்டாம் நகரக் கருவியில் பதிந்ததை 1889-ஆம் ஆண்டிலே கண்டிருந்தனர். அதுபோலவே அஸ்ஸாம் அதிர்ச்சியும் இத்தாலி தேசத்து நிலையங்களிற் பதிந்தது. அந்தக் கோடுகளை வருவித்து ஓல்டம் ஒப்புநோக்கினார். பிறர் வெறுங் கிறுக்கலாகக் கண்ட அக்கோடுகளில் மூன்று தனித்தனி வரவுகள் இருப்பதை அவர் பிரித்துக் கண்டார். 1900-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார்.

அம்மூன்றையும் நம் ஊர்ப் பொருள்களைக்கொண்டே விளக்கலாம். திண்டுக்கல் ஜங்ஷனில் எஞ்சின் சரக்கு வண்டித் தொடரை இடிக்கும்போது, அவ்விடி ஒரு வண்டியிலிருந்து மறு வண்டிக்குத் தாவிக் கடைசி வண்டிவரை செல்கிறது. வண்டிகள் பெரிதும் நகர்வதில்லை, இடியே ஓடுகிறது. முதலில் வந்துசேரும் அலை இத்தகையது. கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் உதறினால் நெளிவு ஒன்று கயிற்றின் வழியே ஓடும். இரண்டாவது அலை இத்தகையது. முந்தியதினும் வேகம் குறைந்தது. இவ்விரண்டும் பூமியின் உடலினூடே புகுந்து வருவன. மூன்றாவது பூமியின் மேற்பரப்பைச் சுற்றிக்கொண்டு தாமதமாய் வருவது. இங்கே ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: இடிபோன்ற அலை கல்லிலும் செல்லும், நீரிலும் செல்லும், நெளிவலை கெட்டிப்பொருளில் மட்டுமே செல்லும்.

அதே 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 8-ஆம் நாள் அதிகாலையில் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் தோன்றிய நிலநடுக்கம் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. பாறையின்மேல் வாழ்கிறோம், நமக்கு அச்சமில்லை என்றிருந்த நம் தமிழ்நாட்டாருக்கு அது ஓர் எச்சரிப்பாயிற்று. அதற்குச் சற்று முன்பே, 1899-ஆம் ஆண்டில், கோடைக்கானல் மலையுச்சியில் சூரிய ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டு, அங்கு மில்ன் என்பாரது பூகம்பமானியும் அமைக்கப்பட்டது. ஜான் மில்ன், உலகத்தின் பல பாகங்களிலும் ஒரேவகைக் கருவியை நிறுவிக் குறிப்புகளை ஓரிடத்தில் திரட்டிய ஆங்கிலேயர். கோடைக்கானல் நிலையத்தின் முதல் தலைவரான மிச்சி ஸ்மித் முன்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராயிருந்தவர் என்பது நம்மைப்போன்ற மிஷன் கல்லூரி மாணவர்க்கு மகிழ்ச்சி தருவது. மலைக்கு மோட்டார்ப் பாதை இல்லாத காலம் அது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கும் பொருள் மாட்டு வண்டியில் அடிவாரம் சேர்ந்து, பிறகு ஆட்களின் தோள்மேல் மலையேற வேண்டும். நம் சமவெளியைக் கடந்து சென்ற அக்கருவி, பூமியின் மறுபக்கத்து அதிர்ச்சிகளுக்கும் காதுகொடுத்து நின்றது.

கடும் பிரயாணங்களால் ஓல்டமின் உடல்நலம் குன்றியது. 1903-ஆம் ஆண்டில், 45 வயது நிரம்பிய அளவில், வேலையை விட்டு இங்கிலாந்து திரும்பினார். மலையேறிப் பாறை உடைக்கும் தொழில் அவருக்கு முடிந்துபோயிற்று. எஞ்சியது மேசையும், உலகத்தின் நிலையங்களிலிருந்து வந்த பூகம்பக் குறிப்புகளும். பெரும்புகழ் தந்த செயலை அவர் செய்தது அந்த ஓய்விலேதான்.

1906-ஆம் ஆண்டில் இலண்டன் பூகர்ப்பச் சங்கத்தின் முன் அவர் ஒரு கட்டுரை படித்தார். அதன் பொருளை இவ்வாறு சொல்லலாம். அகன்ற வெளி ஒன்றின் நடுவே ஒரு கண்மாய் இருப்பதாகக் கொள்வோம். சுற்றிலும் பனைகள் மறைப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை. வெளியின் ஓரத்தில் ஓரிடத்திலிருந்து பலரை ஒரே நேரத்தில் எதிர்ப்பக்கத்துப் பல ஊர்களுக்கும் நேர்க்கோட்டில் நடக்கவிடுகிறோம். பக்கத்து ஊர்களுக்குச் சென்றவர் கணக்குப்படி சேருகின்றனர். நேர் எதிரிலுள்ள ஊர்களுக்குச் சென்றவர் மட்டும் தாமதிக்கின்றனர். அவர்கள் சேற்றில் இறங்கி நடந்தனர் என்று நாம் அறிவோம். யார் யார் தாமதித்தனர் என்று குறித்தால் கண்மாயின் அகலமும் தெரிந்துவிடும். ஓல்டம் செய்தது இதுவே. பூமியின் உள்ளே ஆழமாகச் செல்லச் செல்ல அலைகளின் வேகம் வளர்வதையும், நடுவை அணுகிச் சென்ற அலைகள்மட்டும் எதிர்ப்பக்கத்தில் தாமதித்துச் சேர்வதையும் காட்டினார். ஆகவே நடுவில் வேறொரு பொருள் இருக்கின்றது; அதன் ஆரம் பூமியின் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு என்றார். நம்மூர்ப் பூட்டுத் தொழிலாளர், பூட்டைப் பிரித்துப் பாராமலே சாவி தட்டும் இடத்தைக்கொண்டு உள்ளிருக்கும் அமைப்பைச் சொல்லுவதை இங்கே ஒப்பிடலாம்.

அவருக்கு முன் இதனைப்பற்றி எவரும் பேசவில்லை என்பதன்று. 1798-ஆம் ஆண்டிலேயே காவெண்டிஷ் என்பார் பூமி முழுவதும் சராசரியாக நீரினும் ஏறக்குறைய 5½ மடங்கு கனமுடையதென்று அளந்தார். நம் மலைப்பாறையோ 3 மடங்கும் முழுதாக இராது. எனவே உள்ளே மிகக் கனமான ஏதோ இருக்கவேண்டும். வானத்திலிருந்து விழும் கற்களுள் சில இரும்பாயிருப்பதும் எல்லாரும் அறிந்தது. வீசெர்ட் என்னும் ஜெர்மானியர் 1897-ஆம் ஆண்டளவில் பூமிக்குள் இரும்புருண்டை உண்டென்று கணக்கிட்டுரைத்தார். இவையெல்லாம் நல்ல ஊகங்கள். ஆனால் அவ்வுருண்டையின் வழியே சென்று வந்த தூதன் ஒருவனை நிறுத்திச் சாட்சி கேட்டவர் ஓல்டமே. அன்றியும் அந்நடுக்கரு இரும்போ வேறோ என்பதை அவர் அக்கட்டுரையில் முடிவுகட்ட முனையவில்லை. சாட்சி எவ்வளவு சொல்லிற்றோ அவ்வளவே சொன்னார். அவரிடத்து நாம் மிகவும் மதிப்பது இந்த அடக்கத்தையே.

அவர் சொன்ன அளவு சிறியது. பத்தில் நான்கு என்றால் 2,500 கிலோமீட்டர் அளவே வரும். 1913, 1914 ஆண்டுகளில் ஜெர்மனியில் கூடன்பர்க் என்பார் நடுக்கருவின் எல்லை மேற்பரப்பிலிருந்து 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளதென்று திருத்தினார். அவ்வளவு இன்றும் பெரிதும் மாறாமல் நிற்கிறது. நெளிவலை அதனூடே செல்வதில்லை என்பதும் பின்னரே தெளிவாயிற்று. அது உருகிய திரவநிலையில் உள்ளதென்று 1926-ஆம் ஆண்டில் ஜெஃப்ரீஸ் நிலைநாட்டினார்.

இந்நடுக்கரு எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பிற்காலத்தார் ஆராய்ந்தனர். இரும்பு உருக்கும் உலையில் கனமான உலோகம் அடியில் தங்க, கசடு மேலே மிதப்பதைக் கொல்லர் அறிவர். சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி திரண்டபோது, மோதலின் வெப்பத்தாலும் கதிரியக்கப் பொருள்களின் வெப்பத்தாலும் அது உருகி, இரும்பும் நிக்கலும் நடுவை நோக்கி இறங்கின. முதற் சில கோடி ஆண்டுகளுக்குள் இது பெரும்பாலும் முடிந்துவிட்டதென்பர். அன்றுமுதல் நடுக்கரு மெல்ல ஆறிவருகிறது. ஆறும்போது மையத்தில் இரும்பு உறைந்து கெட்டியாகிறது. நடுவே வெப்பம் 5,000 பாகைக்கு மேற்பட்டதாயினும் மேலழுந்தும் பாரத்தால் அது உருகாமல் நிற்கிறது. அவ்வாறு உறையத் தொடங்கியது எக்காலம் என்பதில் அறிஞர் இன்னும் ஒத்துவரவில்லை. உறையும்போது வெளிப்படும் வெப்பமும் இலேசான பொருள்களும் சுற்றியுள்ள உருகிய இரும்பைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கலக்கமே பூமியைக் காந்தமாக்குகிறது. காந்த ஊசியை வட தேசங்களில் தொங்கவிட்டால் அது தரையை நோக்கிச் சாய்கின்றது. நம் தென்மாவட்டங்களிலோ ஏறக்குறையக் கிடையாகவே நிற்கிறது, பூமியின் காந்த நடுக்கோடு இப்பக்கமாகச் செல்வதால். சூரியனிலிருந்து பாயும் மின்துகள்களைத் தடுத்து நம்மைக் காப்பதில் அக்காந்தப்புலத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

ஓல்டமுக்கு 1908-ஆம் ஆண்டில் லயெல் பதக்கம் கிடைத்தது. 1911-ஆம் ஆண்டில் இராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1920 முதல் 1922 வரை பூகர்ப்பச் சங்கத்தின் தலைவராயிருந்தார். உடல்நலம் கருதித் தென் பிரான்சில் தங்கிய காலங்களிலும் சும்மா இராமல் ரோன் ஆற்று முகத்தின் பழைய கரைகளை ஆராய்ந்தார். இந்தியாவையும் மறக்கவில்லை. 1819-ஆம் ஆண்டின் கட்சு பூகம்பத்தைப்பற்றியும், தாம் முன்னர் ஆராய்ந்த அஸ்ஸாம் பூகம்பத்தைப்பற்றியும் 1926-ஆம் ஆண்டில், 67 வயது கடந்தபின், மீண்டும் ஒரு நூல் எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் தாம் எழுதியதைத் தாமே எடுத்துவைத்துத் திருத்தும் மனம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. 1936-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ஆம் நாள் வேல்ஸ் நாட்டில் அவர் ஆவி பிரிந்தது. அவ்வாண்டிலேயே டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்னும் பெண்மணி, உருகிய நடுக்கருவுக்குள்ளே மற்றுமோர் உட்கரு உண்டென்று, அதே பூகம்ப அலைகளைக்கொண்டு வெளியிட்டார். அதன் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர் என்று இன்று அறிவோம்.

ஓல்டம் காட்டிய வழி பின்னர் வேறு கோள்களுக்கும் சென்றது. சந்திரனில் அப்போலோ வீரர் வைத்துவந்த கருவிகளின் பழைய பதிவுகளை 2011-ஆம் ஆண்டில் மீண்டும் ஆராய்ந்து அதன் சிறிய நடுக்கருவைக் கண்டனர். செவ்வாயில் 2018-ஆம் ஆண்டு இறங்கிய இன்சைட் என்னும் கலம் ஒரே ஒரு பூகம்பமானியைக் கொண்டு அக்கோளின் அதிர்ச்சிகளைக் கேட்டது. 2021-ஆம் ஆண்டில் அதன் நடுக்கரு உருகியது என்றும், சுமார் 1,830 கிலோமீட்டர் ஆரமுள்ளது என்றும் அறிவித்து, இரண்டாண்டுக்குப் பின் அவ்வளவைச் சற்றுக் குறைத்தனர். முதற்கணக்கு திருத்தப்படுவது இத்துறையில் வழக்கம்போலும்! 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் சந்திரனில் இறங்கிய நம் சந்திரயான்-3 கலத்திலும் நில அதிர்ச்சியை உணரும் கருவி ஒன்று இருந்தது.

அஸ்ஸாமைப்பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. 1897-ஆம் ஆண்டு அதிர்ச்சிக்கு மூலமான பெரும்பிளவு நிலத்தின்மேல் தலைகாட்டாமல் ஆழத்திலேயே ஒளிந்திருந்தது. பூகம்பத்துக்கு முன்னும் பின்னும் இந்திய நில அளவைத் துறையார் மலைச்சிகரங்களின் இடையே எடுத்திருந்த அளவுகளை நூறாண்டு கழித்துச் சிலர் மீண்டும் கணக்கிட்டனர். ஷில்லாங் பீடபூமியின் வடவோரத்தில், பூமிக்குள் தெற்குநோக்கிச் சாய்ந்திறங்கும் அப்பிளவு 2001-ஆம் ஆண்டில் அக்கணக்கிலே வெளிப்பட்டது. அதற்கு ஓல்டம் பிளவு என்று பெயரிட்டனர்.